ஒரு கரண்டித் தண்ணீர்

தாராபோத்தோ பெரு நாட்டு ஊர். ஆண்டிஸ் மலைச்சரிவு அமேசான் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஈரக் காடுகளில் ஒரு தவளை வாழ்கிறது. முழுதாக வளர்ந்த பிறகும் புளியங்கொட்டையைவிட அதிகம் பெரிதாகத் தெரியாது. மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை இரண்டு சென்டிமீட்டர், சற்றே கூடலாம் குறையலாம். முதுகு பச்சை கலந்த பொன்மஞ்சள். அதன் மேல் கன்னங்கரிய புள்ளிகள். இடுப்புக்குக் கீழே மஞ்சள் வடிந்து கால்கள் நீலப்பச்சையாகின்றன. அங்கே புள்ளிகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடுகின்றன. ரானிடோமேயா இமிடேட்டர் என்பது அதன் அறிவியல் பெயர்.

விஷ அம்புத் தவளைகள் என்று அறியப்படும் டென்ட்ரோபாட்டிடே குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு. இதைவிடப் பகட்டானவை அவற்றுள் பல. சுரினாம் நாட்டின் சிப்பாலிவினி புல்வெளிப் பகுதியில், மரக்கூட்டங்களுக்குள் வாழும் நீலத் தவளையைப் படத்திலாவது பார்க்காதவர் குறைவு. கொலம்பியாவின் பசிபிக் கரையோரத்துப் பொன்னிறத் தவளையின் நஞ்சைப் பற்றிக் கேள்விப்படாதவரும் குறைவு. வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் தவளை வளர்க்கும் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் அந்தப் பெரிய தவளைகளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். என் கணக்கில் இந்தச் சின்னஞ்சிறு தாராபோத்தோத் தவளை அவை எல்லாவற்றுக்கும் மேல். அதற்குக் காரணம் அதன் நிறத்தைவிட அதன் குடும்ப வாழ்க்கை. ஆனாலும் நிறத்தைச் சொல்லாமல் அதற்குள் போக மனம் வரவில்லை.

அந்தப் பச்சைக்கும் நீலத்துக்கும் தனிச் சாயம் கிடையாது. தோலின் மேலடுக்கில் மஞ்சள் நிறமி கொண்ட செல்கள் உள்ளன. அவற்றுக்கு அடியில் நுண்படிகங்கள் நிறைந்த செல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கருநிறமி. உள்ளே புகும் ஒளியில் நீலத்தைப் படிகங்கள் திருப்பி அனுப்புகின்றன, மற்றதைக் கருப்பு விழுங்கிக்கொள்கிறது. திரும்பிவரும் நீலம் மஞ்சள் அடுக்கைக் கடக்கும்போது பச்சையாகிறது. மஞ்சள் மெலிந்திருக்கும் கால்களில் நீலம் நீலமாகவே வெளியே வருகிறது. தவளை ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்குத் தாவும்போது அதே முதுகு ஒரு கணம் பொன்னாகவும் மறுகணம் தளிர்ப்பச்சையாகவும் தெரியக் காரணம் இதுதான். விளக்கின் கோணம் மாறினால் தவளையும் மாறுகிறது.

ஊருக்கு ஊர் இதன் உடுப்பும் மாறுகிறது. தாராபோத்தோ பக்கம் புள்ளி. ஹுவாயாகா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதே இனம் ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அங்கே அக்கம்பக்கத்தில் வாழும் வேறொரு நச்சுத் தவளையின் கோலத்தை இது எடுத்துக்கொண்டிருக்கிறது. 1986இல் இதை முதன்முதலில் விவரித்த ரெய்னர் ஷுல்ட்டே அந்த ஒப்புமையை மனத்தில் வைத்தே பெயரிட்டார். 2001இல் மரபணுச் சான்றும் வந்தது. உருவில் ஒன்றுபோல் இருக்கும் அண்டை இனத்தைவிட, உருவில் வேறுபட்ட தூரத்து ஊர்த் தவளையே இதற்கு நெருங்கிய உறவு என்று அது காட்டியது. ஒரே கோலத்தை இரண்டு நச்சு இனங்கள் பகிர்ந்துகொண்டால் பறவை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்வது இரண்டையும் காக்கும்.

வீட்டுப் பெட்டியில் அந்த நஞ்சு இல்லை. இந்தத் தவளைகள் தம் நஞ்சைத் தாமாகச் சமைப்பதில்லை. காட்டுச் சருகுக்குள் மேயும் எறும்பு, உண்ணி போன்ற சிற்றுயிர்களைத் தின்று, அவற்றிலுள்ள ஆல்கலாய்டுகளைத் தோலில் சேர்த்து வைக்கின்றன. அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலியும் அவர் சகாக்களும் இதை ஆண்டுக்கணக்கில் துருவி ஆராய்ந்தார்கள். எம்பெரா மக்கள் தங்கள் ஊதுகுழல் அம்புகளின் நுனியில் தடவப் பயன்படுத்திய பொன்னிறத் தவளையே ஆனாலும், பெட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்தால் அதன் தோலில் பாட்ரகோடாக்சின் என்னும் அந்த நஞ்சு இருப்பதில்லை. இதை 1980லேயே கண்டு எழுதிவிட்டார்கள். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இந்த உயிர், எச்சரிக்க எதிரியும் இல்லாமல், எச்சரிக்கைக்குப் பின்பலமாக நஞ்சும் இல்லாமல், எச்சரிக்கை நிறத்தை மட்டும் ஒரு புள்ளி குறையாமல் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுசெல்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகும்.

பெட்டிக்கு வருவோம். நெதர்லாந்தில் நண்பர் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் இருப்பது 45 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கண்ணாடிப் பெட்டி. முன்பக்கம் கதவு. ஒரு ஜோடிக்கு அது தாராளம். அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், அதிகப்படி நீர் வடிந்து தங்குவதற்கு. அதன் மேல் ஒரு வலை. வலைக்கு மேல் மண் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது மண் இல்லை: மரப்பெரணி நார், ஆர்க்கிட் செடிக்கு இடும் மரப்பட்டைத் துண்டு, கரி, பீட், ஸ்பாக்னம் பாசி ஆகியவற்றின் கலவை. அட்லாண்டா தாவரவியல் தோட்டத்தில் உருவானதால் அந்தத் தோட்டத்தின் பெயராலேயே வழங்குகிறது. எப்போதும் ஈரமாக இருந்தும் அழுகிச் சகதியாகாமல், வேருக்குக் காற்று விட்டுக்கொண்டு, ஆண்டுகள் தாங்குவது அதன் அருமை. பின்சுவர் முழுக்கக் கார்க் மரப்பட்டை. கரடுமுரடான அதன் வெடிப்புகளில் பாசி தானே பிடித்துக்கொள்கிறது.

கலவைக்கு மேல் சருகு மெத்தை. அதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்களில் குடை குடையாகக் கிளை விரித்து நிற்குமே, நாட்டு வாதுமை மரம், அதன் சருகுதான் அது. தவளை வளர்ப்போர் நாடெங்கும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தடித்த இலை சட்டென்று மக்காது. நனைந்தால் தேயிலை நிறத்தில் டானின் கசியும், அந்த நீர் தலைப்பிரட்டைகளுக்கு இதமானது. காய்ந்து சுருண்ட ஒவ்வோர் இலைக்கும் அடியில் ஒரு கூடாரம் அமைகிறது. பெரிய இனத் தவளைகளுக்கு நம் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, வாயில் வெட்டி, அடியில் ஒரு கண்ணாடித் தட்டு வைத்துவிட்டால் அதுவே முட்டையிடும் அறை. ஒரு டச்சு வீட்டின் மூலையில் தென்னமெரிக்கத் தவளைகளுக்குத் தென்னையும் வாதுமையும் துணை நிற்பதை நினைத்து நினைத்து ரசிக்கலாம்.

சருகுக்குக் கீழேதான் பெட்டியின் உண்மையான உழைப்பாளிகள் இருக்கிறார்கள். ஸ்பிரிங்டெயில் என்னும் வெள்ளைப் பூச்சி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை விடுவித்தால் உடல் அப்படியே எகிறிப்போய் விழும். இவை பூஞ்சையைத் தின்கின்றன. ஈர விறகுக்கடியில் நாம் காணும் பூச்சிகளின் இனத்தைச் சேர்ந்த குட்டி வெள்ளை ஐசோபாடுகள் சருகையும் தவளையின் கழிவையும் அரைத்து உரமாக்குகின்றன. செடிகள் அந்த உரத்தை உறிஞ்சுகின்றன. நன்றாக அமைந்த பெட்டியைக் கவிழ்த்துக் கழுவவே வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சுழற்சி ஓரிரவில் வாய்ப்பதில்லை. நல்ல வளர்ப்பாளர் பெட்டியைக் கட்டி, செடி நட்டு, பூச்சிகளை விட்டபின் ஓரிரு மாதம் தவளையே இல்லாமல் காத்திருக்கிறார். வெறும் செடிப்பெட்டியை அத்தனை நாள் பொறுமையாகப் பேணுகிற கையைத்தான் நான் முதலில் பாராட்டுவேன். அதற்கு முன் தவளையை வாங்கி விடுகிறவருக்குத் தவளை மேல் ஆசை உண்டு, அக்கறை இல்லை.

தெளிக்கும் நீர் ஆர்.ஓ. நீர். சுண்ணாம்புச் சத்து கலந்த நீர் கண்ணாடியிலும் இலையிலும் வெள்ளைத் திட்டுகளைப் படியவிடும். ஒரு நாளில் சில முறை மேலிருந்து புகைபோல் நீர் இறங்கி, பாசி நுனிகளில் முத்து முத்தாய் நிற்கும். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு வலைப்பட்டை இருக்கிறது. அதன் வழியே காற்று மேலேறிச் செல்வதால் சற்று நேரத்தில் கண்ணாடி தெளிந்துவிடும், உள்ளே ஈரம் மட்டும் குறையாது. வெப்பம் 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 30ஐத் தாண்டுவது ஆபத்து. மழைக்காட்டு உயிர் என்றதும் வெயிலைத் தாங்கும் என்று நாம் நினைப்போம். மரநிழலின் அடியில் வாழ்வதற்கு வெயிலைத் தெரியாது. சென்னையின் மே மாதத்தில் குளிர்சாதனம் நின்றால் ஒரு பிற்பகலே போதும், எல்லாம் முடிந்துவிடும்.

உணவு வேளை ஒரு தனி விருந்து, பார்ப்பவர்களுக்கு. பறக்க முடியாத பழ ஈக்களைக் குடுவையில் வளர்க்கிறார்கள். உருளைக்கிழங்குத் தூள், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்த கூழ்தான் அவற்றின் தீவனம். வேண்டிய ஈக்களை ஒரு கோப்பையில் தட்டி, கால்சியமும் வைட்டமினும் கலந்த பொடியோடு மெல்லக் குலுக்குவார்கள். வெண்பொடி பூசிய ஈக்கள் சருகு மேல் ஊரத் தொடங்கியதும் தவளை தலையைத் திருப்பும். ஓடி வராது. இரண்டடி வைக்கும், நிற்கும். முன்கால்களை ஊன்றி உடலைச் சாய்த்து ஒரே ஓர் ஈயை உற்றுப் பார்க்கும். அப்போது பின்கால் விரல் ஒன்று மட்டும் படபடவென்று இலையைத் தட்டும். ஏன் தட்டுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் பேச்சு முடியவில்லை. இரையை அசையத் தூண்டவா, அல்லது உடலின் வேட்டை வேகம் விரல் வழியே வழிந்துவிடுகிறதா? எதுவானாலும் அந்தத் தட்டலுக்காகவே மணிக்கணக்கில் உட்காரலாம். நாக்கு வெளியே வந்ததை நம் கண் பார்ப்பதில்லை. ஈ இருந்த இடத்தில் ஈ இல்லை, அவ்வளவுதான் தெரியும். அந்த வெண்பொடி அலங்காரத்துக்கு இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் தவளையினத்தின் நாக்கு ஒட்டும் திறனை இழந்து, குறி தவறாமல் அடித்தும் இரை கையை விட்டுப் போகும்.

இனி, நான் சொல்ல வந்தது.

பெட்டியின் நடுவே சாய்ந்திருக்கும் கிளையில் அன்னாசிக் குடும்பத்துச் செடியான நியோரெகீலியா சில கட்டப்பட்டிருக்கின்றன. இதன் இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவிக் கிண்ணம் போடும். ஒவ்வோர் இலைக்கணுவிலும் கொஞ்சம் நீர் தேங்கும், சில கரண்டிக்கு மேல் இருக்காது. பக்கத்துக் கண்ணாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா ஒன்று சாய்வாக ஒட்டியிருக்கிறது. பழைய கேமரா பிலிம்சுருள் வைக்கும் அதே டப்பா. படச்சுருள் வழக்கொழிந்த பின்னும் இந்தத் தவளைகளுக்காக அது புழக்கத்தில் இருக்கிறது. அதன் இருட்டு, வழவழப்பு, ஒடுக்கம் மூன்றும் தவளைக்குப் பிடித்திருக்கின்றன.

காலையில் ஆண் தவளை குரலெடுக்கும். தொண்டை உப்பி, மெல்லிய உருட்டொலி ஒன்று எழும். அடுத்த அறையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் காதில் விழாது. பெண் தவளை இலையிறங்கி வரும். ஆண் முன்னே போய், நின்று, திரும்பக் கூப்பிட்டு, மறுபடி முன்னே போகும். பெண் பின்தொடர, இரண்டும் டப்பாவுக்குள் நுழையும். உள்ளே ஒன்றிரண்டு முட்டைகள், சில வேளை மூன்று. கண்ணாடிபோன்ற கூழுக்குள் ஒரு கருமணி. நாளடைவில் மணி நீண்டு, வளைந்து, வால் முளைத்து, ஒருநாள் துடிக்கும். சுமார் இரண்டு வாரத்தில் தலைப்பிரட்டை வெளியே வரத் தயார்.

அப்போது தந்தை வருகிறது. முட்டைக்கு மேல் குந்தி உட்கார்கிறது. தலைப்பிரட்டை நெளிந்து நெளிந்து அதன் முதுகில் ஏறுகிறது. புள்ளி போட்ட பொன் முதுகில் கறுப்பாக ஒரு சொட்டு, பக்கவாட்டில் ஒரு வால். ஒட்டிக்கொண்ட பிள்ளையோடு தந்தை கிளையேறி, இலைக்கணுக்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறது. ஒன்றில் பின்புறத்தை நனைத்துப் பார்த்து வெளியே வந்துவிடும். இன்னொன்றில் இறங்கி நேரம் எடுக்கும். ஒரு கணுவுக்கு ஒரு பிள்ளை. ஒரே நீரில் இரண்டை விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடக் கூடும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஆனால் சில கரண்டித் தண்ணீரில் என்ன இருக்கும் தின்ன? இங்கேதான் இந்த இனத்தின் உச்ச நயம். பிள்ளை இருக்கும் கணுவின் அருகே நின்று ஆண் மறுபடி குரல் கொடுக்கும். பெண் வரும். கணுவுக்குள் இருவரும் இறங்குவார்கள். தலைப்பிரட்டை உடலை நடுக்கி நடுக்கித் தாயை நெருங்கும். தாய் கருவுறாத முட்டை ஒன்றை அந்த நீரில் இட்டுவிட்டுப் போகும். அதுதான் சாப்பாடு. சில நாள் கழித்து மறுபடியும் அழைப்பு, மறுபடியும் வருகை. எந்தக் கணுவில் பிள்ளை இருக்கிறது என்பதைத் தந்தை நினைவில் வைத்திருக்கிறது.

2010இல் ஜேசன் பிரவுன், விக்டர் மொராலெஸ், கைல் சம்மர்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது. வேரியாபிலிஸ், அதாவது தாராபோத்தோப் பக்கத்தில் இதே புள்ளிக்கோலம் தரித்த அந்த அண்டை இனம், இன்னும் பெரிய நீர்க்கணுக்களைப் பயன்படுத்துகிறது. அங்கே பிள்ளைக்கு நீரிலேயே இரை கிடைக்கும். ஆகவே தந்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், துணை நிலைப்பதில்லை. இமிடேட்டர் பயன்படுத்துவது மிகச் சிறிய கணுக்கள். அதில் பிள்ளையைக் காப்பாற்ற இருவரும் வேண்டும். இருவரும் சேர்ந்து உழைக்க வேண்டியிருப்பதால் ஜோடி ஜோடியாகவே நிலைக்கிறது. ஒருவனுக்கு ஒருத்தி என்று மரபணு வரை உறுதி செய்யப்பட்ட முதல் நீர்நிலவாழ் உயிர் இதுவே. தோற்றத்தில் பிரித்தறியக் கடினமான இரு தவளைகள். ஒன்றில் குடும்பம் உண்டு, மற்றதில் இல்லை. இடையே உள்ள வேறுபாடு இலையிடுக்கில் எவ்வளவு நீர் தேங்குகிறது என்பதில் வந்து முடிகிறது. இதைப் படித்த பிறகு அந்தச் செடியின் கணுக்களைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆகவே வளர்ப்பில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. முட்டைகளை உடனே எடுத்து, தனித்தனிக் கோப்பையில் மீன் தீவனம் போட்டு வளர்த்தால் அதிகக் குஞ்சுகள் கிடைக்கும். பலரும் அப்படிச் செய்கிறார்கள், இந்த இனத்தில் அது நடக்கவும் செய்கிறது. ஆனால் எண்ணிக்கையைப் பெற்று வாழ்க்கையை இழக்கும் காரியம் அது. பெற்றோரிடமே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு மூன்று மாதத்தில், வால் இன்னும் முழுதாகக் கரையாத ஒரு குஞ்சு இலைவிளிம்பில் வந்து உட்காரும். ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அந்த உடலில், பெற்றோரின் புள்ளிகள் அப்போதே தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் புள்ளி. வளர்ப்பவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காண்பது அதைக் கொண்டுதான். சருகுக்குள் மேயும் ஸ்பிரிங்டெயில்தான் குஞ்சின் முதல் வேட்டை. தவளை வருமுன் பொறுமையாக வளர்த்த பூச்சிகள் இப்போது இன்னொரு தலைமுறைக்கு உணவாகின்றன.

வளர்ப்பவர்களிடம் நான் மதிக்கும் இன்னொரு ஒழுங்கு, ஊர்களைக் கலக்காமை. தாராபோத்தோத் தவளையை, இதே இனத்தின் சாசூத்தா ஊர்த் தவளையோடு சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு மலைமுகட்டுக்கும் காடு பல்லாயிரம் ஆண்டுகளில் தீட்டிய கோலத்தை ஒரு பெட்டியில் குழப்பிவிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. வடிகால் நீரைத் தெருவிலோ தோட்டத்திலோ கொட்டாமல் கிருமிநீக்கம் செய்வதும் அப்படியே. உலகெங்கும் தவளைகளைக் கொன்று குவித்த கைட்ரிட் பூஞ்சை 1999இல் விவரிக்கப்பட்டபோது, அது கிடைத்தது வாஷிங்டன் தேசிய விலங்குப் பூங்காவில் இறந்த ஒரு நீல அம்புத் தவளையிடமிருந்து. பூஞ்சையின் பெயரிலேயே இந்தக் குடும்பத்தின் பெயர் பதிந்திருக்கிறது.

1987 முதல் இந்தத் தவளைகள், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அப்படியிருந்தும் கடத்தல் ஓயவில்லை. கொலம்பியாவின் அஞ்சிக்காயா பள்ளத்தாக்கில் வாழும் லேமானி தவளை, சேகரிப்போர் பேராசையாலேயே பெரிதும் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. அந்த நாட்டிலேயே முறைப்படி இனப்பெருக்கம் செய்து, உரிமத்தோடு விற்கும் முயற்சியை இவான் லொசானோ என்பவர் தொடங்கினார். பெட்டியில் பிறந்த தவளை எளிதாகக் கிடைத்தால் காட்டுத் தவளைக்கு விலை இருக்காது என்பது அவர் வாதம். அந்த வாதம் எனக்கு ஏற்புடையது.

இந்தியாவில் இவற்றை வைத்திருக்க 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர்ச் சட்டப்படி பதிவு வேண்டும். நம் வெயிலும் சேர்ந்தால் இங்கே வீட்டில் வளர்க்க முனைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டிலோ விலங்குக் காட்சியகத்திலோ இப்படி ஒரு பெட்டியைக் காண நேர்ந்தால், படம் எடுத்துக்கொண்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். அரைமணி நேரம் நில்லுங்கள், முடிந்தால் காலை வேளையில். தவளையைத் தேடுவதை விட்டுவிட்டு இலைக்கணுக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.